குழாய்க்குள் போன உளுந்தங்களி

ஆடி பிறந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றிலிருந்து என் அண்ணன் வீட்டு மூட்டை திரும்பி வந்தது. வெடிகளுக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பது என் மதினியின் வேலை. பழைய நோட்டையும் பேப்பரையும் கிழித்து, பசை தடவி, கம்பியில் சுற்றி உருவி எடுத்து, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி வைப்பாள். கட்டைவிரல் நுழையும் அளவு குழாய். கம்பெனி வேன் வந்து எடுத்துப்போகும். அந்த வேனை ஓட்டுகிறவன்தான் என் அண்ணன். அண்ணன் என்றால் ஏழு நிமிடத்துக்கு அண்ணன். ஒரே வயிற்றில் என் விலாவில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கிடந்தவன்.

எம். புதுப்பட்டியில் அவர்கள் வீடு. நான் விருதுநகரில் இருந்து ஞாயிறுதோறும் போவேன். அன்றைக்கும் போயிருந்தேன்.

"ஒன் சரக்குல எறும்பு மொய்க்குதாம்," என்று மூட்டையை வாசலில் இறக்கினான் அண்ணன். "மருந்து அடைக்கிற எடத்துல எறும்ப வச்சு நான் என்னலே செய்யன்னு கேக்கான் போர்மேன். இருவது பொம்பளைக முன்னாடி."

"பசைன்னா எறும்பு வரத்தான் செய்யும். எறும்புக்கு என்ன, ஒங்க போர்மேன் பாஸ் குடுத்து அனுப்பணுமா?" என்றாள் மதினி.

"பத்து வருசமா வராத எறும்பு இப்ப வருதாக்கும்."

அவள் மூட்டையைக் கவிழ்த்தாள். மேலே கிடந்தவை நல்ல குழாய்கள். அடியில் கிடந்தவை கனத்தன. ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினாள். கறுப்பாக, விரல் நீளத்தில், காய்ந்து இறுகிய ஏதோ ஒன்று வந்து விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. முப்பது நாற்பது குழாய்களில் அதுவே. மதினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எவளோ செய்வினை வச்சிட்டா," என்றாள். "எதிர்த்த வீட்டுக்காரி ஆர்டர் கெடைக்கலன்னு கருவிக்கிட்டே கெடந்தா. நான் சொன்னேன்ல, அவ கண்ணு சரியில்லன்னு."

நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். கருப்பட்டி. நல்லெண்ணெய். உளுந்து.

முப்பத்துநாலு வருடத்தை ஒரு மூச்சில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. மூக்குக்குத்தான் எம்புட்டு ஞாபகம்.

சித்திரையில் என் அண்ணன் மகள் பெரியவளானாள். பதின்மூன்று நடக்கிறது. அன்றிலிருந்து வாரம் நாலு நாள் மதினி உளுந்தங்களி கிண்டுகிறாள். காலையில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பிக் குடிக்க வைக்கிறாள். இடுப்பு பலக்க வேண்டும், எலும்பு முற்ற வேண்டும். இந்தப் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் பெண் உட்கார்ந்தால் உளுந்து அரைபடும். பிள்ளையும் தட்டை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், காலித் தட்டோடு வந்திருக்கிறது. பின்வாசலில்தான் குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும்.

செய்வினைதான். ஆனால் எதிர்த்த வீட்டுக்காரி வைத்ததில்லை. வைத்தவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அது போதும்.

*

நானும் அண்ணனும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே உடம்பை இரண்டு பேராகப் போட்டுக்கொண்டு திரிந்தோம். அவன் சட்டை எனக்கு, என் செருப்பு அவனுக்கு. முதுகைப் பார்த்து அம்மாவுக்கே அடையாளம் தெரியாது, ஜடை இருந்தால் நான். பிறந்தபோது நான் அவனைவிடக் கொஞ்சம் எடை குறைவாம், ஆனால் கன்னத்தில் என்னவோ ஒரு பிடி கூடுதல் சதையாம். வேறு வித்தியாசம் இல்லை. பெஞ்சில் முழங்கையை ஊன்றிக் கைமல்லுக் கட்டினால் ஒரு நாள் அவன், ஒரு நாள் நான்.

பதினொன்றில் நான் அவனை முந்தினேன். ஒரு கோடை விடுமுறைக்குள் அவன் தலைக்கு மேல் நான்கு விரல் வளர்ந்துவிட்டேன். கைமல்லில் அவன் ஜெயிக்கவே இல்லை. நானூறு மீட்டரில் பள்ளிக்கூடத்தில் ஆணிலும் பெண்ணிலும் என்னைத் தொட ஆள் இல்லை. அந்த ஒரு வருடம் என் காலுக்குக் கீழே கரிசல் மண் சூடாக ஓடியது. நான் நின்றேன், மண் ஓடியது. அப்படித்தான் ஞாபகம்.

பி.டி. சார் அப்போது புதிதாக வந்தவர். மீசைக்கு எண்ணெய் தடவுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஓட்டப் பட்டியலில் உள்ள எல்லோரையும் எடை போடுவார். பள்ளிக்கூடத்தில் எடை மிசின் கிடையாது. பக்கத்துக் கம்பெனியில் பட்டாசுப் பெட்டிகளை நிறுக்கிற இரும்பு மேடைத் தராசைத் தூக்கி வருவார்கள். அதில் ஏறி நிற்க வேண்டும். சார் குண்டை நகர்த்தி, நிறுத்தி, எடையைச் சத்தமாகச் சொல்வார். மைதானம் முழுக்கக் கேட்கும். பிறகு நோட்டில் எழுதுவார். பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே கணக்கு என்பார். ஏறினால் சோம்பேறி, ஏறாவிட்டால் வீரன். ஆனால் பையனுக்கு எடை ஏறினால் மட்டும் புஜத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

அந்த வருடக் கடைசியில் நான் வயதுக்கு வந்து உட்கார்ந்தேன். பதினாறு நாள் தனி இடம், தனித் தட்டு. களி, முட்டை, எண்ணெய், மறுபடியும் களி. பதினேழாம் நாள் பள்ளிக்கூடம். அடுத்த சனிக்கிழமை தராசு.

"நாப்பத்தொண்ணு," என்றார். குண்டை மறுபடியும் நகர்த்திப் பார்த்தார், மிசின் மேல் சந்தேகம் வந்தவர் மாதிரி. பிறகு வரிசையில் நின்ற அண்ணனைக் கூப்பிட்டு ஏற்றினார். "முப்பத்திநாலு." இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "ஒரே வயித்துல பொறந்தது. ஒரே சட்டிச் சோறு. ஏழு கிலோ எங்கிருந்துத்தா வந்துச்சு? இது ஓட்டக்காரியா, மாவுமூட்டையா?"

சிரித்தார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அதை நான் பார்த்தேன். அவன் சிரிப்பதை நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடிகிறவரை என் பெயர் மாவுமூட்டை. "ஏலே, மூட்டை வருதுலே, தள்ளுலே." சைக்கிளில் போகிறவன் சொல்வான். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவள் சொல்வாள். என் பெயரை அம்மாவும் டீச்சரும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். களியைக் கோழிக்குப் போட்டேன். முட்டையை அண்ணனிடம் கொடுத்தேன். தினமும் காலையில், அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்புகிற நேரத்தில், ஓடு கைமாறும். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓட்டை என் கையில் திருப்பித் தருவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு வருடத்தில் அவன் தோள் விரிந்தது, குரல் உடைந்தது, கால் நீண்டது. அது அவன் உடம்பின் நேரம், முட்டை இல்லாவிட்டாலும் விரிந்திருக்கும். அது இன்றைக்கு எனக்குத் தெரியும். ஆனால் அவன் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் முட்டைகள் ஓடுவதாகத்தான் எனக்குத் தோன்றும். இப்போதும்.

எனக்கு முப்பத்தைந்துக்கு இறங்கியது எடை. மாதவிலக்கு நின்றது. முடி கொத்தாக வந்தது. விருதுநகரில் நடந்த போட்டியில் கடைசி வளைவில் கண் இருண்டு விழுந்தேன். முகத்தில் தண்ணீர் அடித்தது யார் என்று தெரியாது. கண் திறந்தபோது சார் தலைமாட்டில் நின்று அடுத்தவனுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

*

பிறகு நர்சிங் படித்தேன். படிப்பில் ஒரு மதியம், ஒரு பாடம். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எட்டு ஒன்பது வயதுவரை ஆண் பெண் உடம்புக்குள் பெரிய வித்தியாசம் இல்லையாம். பெண் குழந்தைக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிறகு பெண் முதலில் வளர்கிறாள். இரண்டு வருடம் முந்திக்கொள்கிறாள். இடுப்பும் தொடையும் மார்பும் கொழுப்பைச் சேர்க்கின்றன. அது சேர்ந்தால்தான் விலக்கு ஒழுங்காக வரும். எலும்புக்குச் சுண்ணாம்பு ஏறும் வருடங்களும் அவைதான். பையன் பின்னால் வருகிறான். வந்ததும் அவனுக்குத் தசையும் எலும்பும் ஏறுகிறது, கொழுப்பின் பங்கு குறைகிறது. இரண்டும் எடைதான். தராசுக்கு வித்தியாசம் தெரியாது. தராசு பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

ஏழு கிலோ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. என் ஏழு கிலோ என் குழந்தைகளுக்கும் என் எலும்புக்கும் வந்தது. அதை நான் கோழிக்குப் போட்டேன். குழந்தை வேண்டும் என்று எத்தனை வாசலில் நின்றேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பசிதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானாக ஒருவரைக் குற்றவாளியாக வைத்திருக்கிறேன், எனக்கு ஒருவர் தேவைப்பட்டது. போன வருடம் குளியலறையில் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு உடைந்தது. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "சின்ன வயசுல சரியாச் சாப்பிடலையாம்மா?" என்றார். இந்த வயதில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

இப்போது பள்ளிக்கூடங்களுக்குப் போகிற சுகாதார வண்டியில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்க்கிறேன். கையின் பின்பக்கச் சதையை ஓர் இடுக்கியால் மடித்துப் பிடித்துக் கொழுப்பை அளக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் பிள்ளையின் காதுக்கு மட்டும் சொல்கிறேன். அவ்வளவு மெதுவாகச் சொல்வதால், "எக்கா, எழுதுறவளுக்காவது கேக்கணும்லா," என்று கூட வருகிறவள் திட்டுவாள். கேட்காது. கேட்கவிடமாட்டேன்.

*

அண்ணன் மகளைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். அவள் துணிக்கல்லில் உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. போன ஞாயிறு இதை நான் எப்படிப் பார்க்காமல் போனேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் அளக்கிறேன்.

"களி பிடிக்கலையாட்டி?"

அவள் குழாய்கள் காய்ந்த பக்கம் பார்த்தாள்.

"பிடிக்கலன்னா ஒங்கம்மாட்டச் சொல்லலாம்ல. குழாய்ல அடைச்சு வச்சா ஒங்கம்மா பேயி பிசாசுன்னு அலையுறா."

சிரிப்பு வந்து, அடக்கி, அழுகையாகப் போனது அவளுக்கு.

"இன்னும் மூணு வாரத்துல செலக்சன் அத்தை. அதுக்குள்ள நாலு கிலோ எறக்கலன்னா பேரை அடிச்சிருவேன்னாக."

"யாரு?"

எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். சார் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் காலையில் விசிலோடு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். சும்மா வருகிற ஆளை எந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லும்.

"நாலு நாள் தண்ணி மட்டும் குடிச்சுப் பாத்தேன். ரெண்டு எறங்குச்சு. அப்பறம் எறங்கல."

"வேறென்ன சொன்னாரு?"

அவள் கால் விரலால் தரையைக் கீறினாள். "எல்லார் முன்னாடியும் சொன்னாக. ஒங்க அத்தையும் இப்படித்தான், நல்லா ஓடிக்கிட்டு இருந்தவ மாவுமூட்டையா ஊதிப்போனா, ஒங்க குடும்பத்து ரத்தமே அப்படின்னாக."

அவர் மறக்கவில்லை. நான் மட்டும்தான் முப்பத்துநாலு வருடமாக அந்த வார்த்தையைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், மறுபடியும் பயன்படுத்தலாம் என்று.

வயிற்றுக்குள் ஒரு திரி பற்றியது. இதை எழுதும்போதும் அது அணையவில்லை. அணைக்க நான் முயலவும் இல்லை.

*

அடுத்த சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். மேடைத் தராசு போய், தட்டையான கண்ணாடி மிசின் வந்திருந்தது. சத்தம் மாறவில்லை.

"அம்பத்திரெண்டு. மூணு மாசத்துல அஞ்சு கிலோ. ஆம்பளன்னா இப்படி ஏறணும்லே. கைதட்டுங்கலே." கைதட்டினார்கள். அடுத்து ஒரு பெண்பிள்ளை. "நாப்பத்திநாலு. என்னத்தா, வீட்டுல ஆட்டுக்கல்ல முழுங்குறியா?" சிரித்தார்கள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். மீசை நரைத்திருந்தது, எண்ணெய் மட்டும் அப்படியே இருந்தது. சட்டைப் பொத்தான் இரண்டு வயிற்றில் மூச்சுத் திணறின. அவரையே அந்தக் கண்ணாடி மேல் ஏற்றிச் சத்தமாகப் படிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். பையில் இடுக்கிகூட இருந்தது. அந்த வயிற்றை மடித்துப் பிடிப்பதை ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"வாம்மா," என்றார் முகம் மலர்ந்து. "நர்சாயிட்டன்னு ஒங்க அண்ணன் சொன்னான். அன்னைக்கே சொன்னேன்ல, ஓட்டம் ஒனக்குச் சரிப்படாது, படிப்பப் பாருன்னு. கேட்ட. நல்லா வந்துட்ட."

அப்படி ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. இத்தனை வருடத்தில் என் வாழ்க்கைக்கும் அவரே காரணம் ஆகிவிட்டார். அந்த நிமிடம்தான் இடுக்கி போதாது என்று தோன்றியது.

"சார், அந்த எடை நோட்டெல்லாம் இன்னும் இருக்கா?"

"இருக்காவா? முப்பத்தஞ்சு வருசம். ஒரு மாசம் விட்டதில்ல. பீரோவுல வச்சிருக்கேன். வீட்டுல எலிக்கு வைக்கச் சொல்றா, நான் விடல."

"எங்க ஆபீசுல பாக்கணும்னு சொல்றாக சார். பிள்ளைக எப்படி வளருதுன்னு."

பொய்தான். சூலக்கரையில் இருக்கிற எங்கள் ஆபீசில் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியது.

"எம் பேரப் போடுவாகளாம்மா?"

"போடாம?"

அன்று மாலையே சாக்கில் கட்டி வண்டியில் வைத்து விருதுநகர் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நல்ல கையெழுத்து. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், மாதம் ஒரு வரி. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பெண்பிள்ளை ஒவ்வொருத்தியும் பதினொன்று பன்னிரண்டில் ஏறுகிறாள். பையன் அப்போது அசையாமல் நிற்கிறான். இரண்டு வருடம் கழித்து அவன் ஏறுகிறான். முதல் நோட்டிலும் அப்படி, பத்தாவதிலும் அப்படி, கடைசியிலும் அப்படி. எனக்குக் கல்லூரியில் ஒரு மதியத்தில் சொன்ன பாடத்தை இந்த மனிதர் முப்பத்தைந்து வருடம் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒரு நாளும் படிக்கவில்லை. ஏறிய ஒவ்வொரு பெண்ணின் வரியிலும் சிவப்பு மை. கோடு. பக்கத்தில் ஒரு சொல்: நீக்கம்.

என் பக்கமும் இருந்தது. கடைசி மூன்று எண்கள்: நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. நீக்கம்.

*

மறுநாள் ஞாயிறு, சாக்கோடு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு வாசலில் மதினி குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெயர்களைக் கையால் மூடிக்கொண்டு, எண்களை மட்டும் காட்டினேன். ஒரு நோட்டு, இரண்டு நோட்டு. அவள் விரல் வேகமாக ஓடியது.

"எல்லாருமா அத்தை?"

"எல்லாரும்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆகவேண்டியதுதான் ஆகுது. அவருக்குத்தான் ஒண்ணும் வெளங்கல."

கடைசியில் என் பக்கத்தைத் திறந்து கையை எடுத்துவிட்டேன். பெயரைப் படித்தாள். கடைசி மூன்று எண்களையும் படித்தாள்.

"ஒங்களுக்கு மட்டும் ஏன் எறங்குது?"

அண்ணன் வேனைத் துடைத்துவிட்டு ஈரத்துணியோடு வாசற்படியில் நின்றிருந்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஒங்கப்பன்ட்டக் கேளு. என் முட்டைய அம்புட்டையும் குடிச்சது அவன்தான்."

நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். தெருவுக்குக் கேட்கும்படி. யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று தெரியும்.

அவன் துணியைப் பிழிந்தான். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தான்.

"நீதான குடுத்த," என்றான். பிறகு, "எனக்கு அப்பப் பசி."

"பசி எனக்கும் இருந்துச்சுலே."

மதினி பசைக் கையைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை அப்பனைப் பார்த்த பார்வையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருடம் காத்திருந்ததற்கு எனக்கு அது வேண்டும். அவன் துணியைப் படியில் போட்டுவிட்டுக் கடைப்பக்கம் போனான்.

"இதை என்ன செய்யப் போறீக?" என்றாள் பிள்ளை, நோட்டுகளைக் காட்டி.

"சாருக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"அப்பறம் அவுக மறுபடியும் எழுதுவாகள்ல?"

மதினி குனிந்து ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தாளைப் பார்த்தால் அவள் தேய்க்காமல் விடமாட்டாள்.

"நல்ல கெட்டித் தாளு," என்றாள். "இப்ப வர்ற நோட்டெல்லாம் சவசவன்னு இருக்கு. இதுல உருட்டினா வெடி நல்லாக் கேக்கும்."

ஒரு நல்ல டாக்டரிடம் கொடுத்தால் அந்த நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். எண்ணூறு தொள்ளாயிரம் பிள்ளைகளின் வளர்ச்சி அதில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் இன்றைக்கும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள், வேன் ஏறி வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மை இருக்கிறது. இது நல்ல காரணம். உண்மையான காரணம் வேறு. அவர் பீரோ காலியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

முதல் தாளை நான்தான் கிழித்தேன். என் தாள்.

சாயங்காலம் வரை உருட்டினோம். நான் கிழித்தேன், மதினி பசை தடவினாள், பிள்ளை கம்பியில் சுற்றினாள். ஒவ்வொரு எடையும் கம்பியைச் சுற்றி ஓடி உள்ளே மறைந்தது. அண்ணன் கடையில் இருந்து வந்தான். கையில் ஒரு அட்டை முட்டை. முப்பது. எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் வைத்தான். "எனக்கு எதுக்கு இப்ப?" என்றேன். அவனை நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். முட்டையை எடுத்து உள்ளே வைத்தேன், அவ்வளவுதான்.

களி அடுப்பில் இருந்து இறங்கியது. பிள்ளையின் பத்து விரலும் பசை. மதினி உருண்டை பிடித்து, நடுவில் குழி பறித்து, எண்ணெய் விட்டு அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். பிள்ளை கம்பியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. சுற்று முடிய இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. வாயை மட்டும் திறந்தாள். ஒன்று போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு, "கருப்பட்டி பத்தலம்மா," என்றாள்.

*

திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். இனிமேல் எடையை அறைக்குள் ஒவ்வொருவராகத்தான் பார்க்க வேண்டும், யார் காதிலும் விழக்கூடாது, ஓட்டத்துக்கு ஆள் எடுக்கத் தராசு வேண்டாம், கடிகாரம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். "அவரு மூத்தவரு, நான் எப்படிச் சொல்லன்னு இருந்தேன்," என்றார் அவர். "நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர், இந்தக் காகிதத்தக் காட்டுங்க," என்றேன். காட்டினார். மைதானத்துக்கு விசில் வருவது நின்றது.

செலக்சனில் அவள் நாலாவதாக வந்தாள். மூன்று பேர்தான் போகலாம். அவளை உபரி ஆளாக எழுதிக்கொண்டார்கள். புது இடுப்பு, புதுக் கனம், அதை ஓட்டிப் பழக இன்னும் ஒரு வருடம் ஆகலாம். அழுவாள் என்று நினைத்து மைதானத்து வேலியோரம் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள்.

"நாலாவது அத்தை," என்றாள். "பசிக்கி. புரோட்டா வாங்கித் தாங்க."

நாலு புரோட்டா தின்றாள். நான் எண்ணினேன், சத்தமில்லாமல்.

புரட்டாசியில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது.

"அம்மா, நான் பி.டி. சார் பேசுறேன். அந்த நோட்டு எல்லாம் ஆபீசுல பாத்துட்டாகளா? எப்ப வந்து வாங்கிக்கிடட்டும்?"

தயங்கித் தயங்கிப் பேசினார். வயதான குரல். ஒரு கணம் வயிற்றுத் திரி சற்றுத் தணிந்தது போல இருந்தது. அப்புறம் மணிக்கட்டு வலித்தது.

"தீபாவளி கழிச்சு மறுநாள் வாங்க சார்," என்றேன். "தெருவுல கெடக்கும். பொறுக்கிக்கிடுங்க."